இடது மிதி

கம்பெனி வேன் மே மாதத்தோடு நின்றது.
டீசல் கட்டுப்படவில்லையாம்.
நாலரைக்கு மண்டபத்தில் நண்டு மேசைக்கு வந்துவிடும்,
வேதாளையிலிருந்து நாங்கள் எப்படி வந்தாலும் சரி.

மாதம் எழுநூறு, ஆறு தவணை.
ஜெசிந்தா தன் போனில் போட்டுக் கொடுத்தாள்.
சிவப்பு விலை கூட. கறுப்பு.
கூரியர்க்காரன் உச்சிப்புளியோடு திரும்பிவிட்டான்:
"உங்க வீட்ட மேப்ல கடலுக்குள்ள காட்டுதுக்கா."
சகுபர் ஆட்டோ கூரையில்
இரண்டு நைலான் கயிற்றில் கட்டி வந்தது.
ஃபேனா, கட்டிலா என்று தெருவில் கேட்டார்கள்.
சைக்கிள் என்றேன்.
இவ்வளவு தட்டையாகவா?

பெட்டிமேல் அச்சடித்திருந்தது:
எண்பத்தைந்து சதவீதம் பூட்டியாயிற்று.
மீதிப் பதினைந்து நான்.

கிழித்தால், ஹேண்டில் தலை திரும்பிச்
சட்டத்தோடு ஒட்டிக் கிடக்கிறது,
வலையிலிருந்து எடுத்த நண்டு காலை மடக்குவதுபோல.
தாளில் எழுத்தே இல்லை. படங்கள்.
ஏற்கெனவே தெரிந்தவனுக்காக
ஏற்கெனவே தெரிந்தவன் வரைந்தவை.
ஸ்பேனர் என்று ஒன்று, தகரத்தில் வெட்டியது,
முதல் நட்டிலேயே வாய் பிளந்தது.

நான் பிரிக்கிறவள்.
ஓட்டைத் தூக்கி, செவுளை வழித்து,
துடுப்புக்கால் மூட்டில் ஒரு திருகு,
ஜம்போ வெள்ளைக் கட்டியாகக் கழன்று வரும்.
லம்ப் தனி, ஸ்பெஷல் தனி, கிளா தனி.
ஒன்பது வருடத்தில்
ஒரு நண்டைக்கூடத் திரும்பச் சேர்த்ததில்லை.
யார் கேட்கப் போகிறார்கள்.

முன்சக்கரம் அரைமணி நேரம்.
பிரேக் கம்பி எதில் நுழைந்து எதில் வரும் என்று
பக்கத்து வீட்டு அருள்ராயன் ஒன்று சொன்னார்,
அவர் மச்சான் வேறொன்று.
டீ குடித்துவிட்டு இருவரும் போனார்கள்.
பெட்டியின் போட்டோவைப் பார்த்தேன்:
ஒரு பெண், ஹெல்மெட், பின்னால் பனிமலை.

வலது மிதி வெண்ணெயில் இறங்கியது மாதிரி ஏறிற்று.
இடதுதான்.
திருகினால் கையோடு வந்தது.
அழுத்தினேன். இரும்புத்தூள் விரலில் மின்னியது.
அதன் முனையில் எல் என்று பொறித்திருந்தது.
கம்பெனிக் கையுறையில் எல் என்றால் பெரிசு,
நான் எம்.
அளவு மாற்றி அனுப்பிவிட்டான் என்று திட்டினேன்.
அனுப்பியவனை, ஜெசிந்தாவை, டீசலை,
கண்ணில் மணலைப் போட்ட சோழகக் காற்றை.

இரவு எட்டுக்கு, வள்ளத்து இன்ஜின் பார்த்துவிட்டு வந்த
பிச்சைக்கனி டார்ச் அடித்துக் குனிந்தார்.
எதையும் தொடவில்லை.
"இடது எதிர்ப்புரி. கழட்டுற மாதிரி திருப்பு."
பீடி பற்றவைக்கக் காற்றுக்கு முதுகு காட்டிக்கொண்டார்.

கழற்றுகிற மாதிரி.

அது என் கைக்குத் தெரியும்.
புரி பிடித்தது.

ஒரு வாஷரும் சின்ன நட்டும் மிச்சம்.
"மிச்சம் இருக்கே" என்றார் வீட்டுக்காரர்,
கடலிலிருந்து வந்த ஈரத்தோடு.
டப்பாவில் இருக்கிற உப்பையெல்லாம்
குழம்பிலா கொட்டுகிறோம் என்றேன்.

ஓட்டக் கற்றது பதினொன்றாம் வகுப்பில்,
அரசாங்கம் கொடுத்த சைக்கிளில்.
அதை அண்ணன் விற்றான்.
உடம்பு மறக்கவில்லை, முட்டி மறந்திருந்தது.
எதிர்காற்று. ஒவ்வொரு சுற்றிலும்
செயின் ஓரிடத்தில் டக்கென்றது.
பெட்டியில் பெல் இல்லை,
ஆளில்லாத சாலையில் ஏய், ஏய் என்று
நானே சொல்லிக்கொண்டு போனேன்.
செக்போஸ்ட் போலீஸ் விளக்கடித்துப் பார்த்துச் சிரித்தது.

கையுறை. முதல் நண்டு.
துடுப்புக்கால், இடது.
திருகுமுன் விரல் நின்றது,
எந்தப் பக்கம் என்று.
சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தாள்.
பிரித்து ஜம்போ தட்டில் போட்டேன்.

ஜன்னலில் சைக்கிள் பாதி தெரிகிறது,
ஒரு சக்கரம், ஒரு மிதி.
எந்த மிதி என்று
இங்கிருந்து சொல்ல முடியவில்லை.